லஃப்தா தொடாத காப்பி

இதை எழுதலாமா என்று லஃப்தாவிடமே போய்க் கேட்டேன். வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைப் பிழிந்தபடி யோசித்தார். "எழுதுங்கக்கா. ஆனா முடிச்சதும் மொதல்ல நான்தான் படிக்கணும். என்னைப் பத்தி எனக்குத் தெரியாம ஒரு காயிதம் இந்த ஊர்ல இருக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். அந்த நிபந்தனையில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

பாக்தாத்துக்குத் தெற்கே, எங்கள் சமாவா ஊரின் பழைய கடைவீதியில் உம் ரனீன், ரனீனின் அம்மா, என்றால் என்னைத் தெரியும். மனநல மருத்துவம் பார்க்கும் டாக்டர் லமீஸிடம் ஆறு வருடமாக வேலை. கதவு திறப்பேன், வந்தவர்களை உட்கார வைப்பேன், காப்பி போடுவேன். எங்கள் இடம் மாடியில், கீழே பல் டாக்டர். அது பெரிய வசதி. மாடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார்கள். பல் சொத்தை என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் அவமானமில்லை. மனசு வலிக்கிறது என்றால் பெண்ணுக்கு வரன் கூட வராது.

நான் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இல்லை. தர்ப்பூசணி வாங்கப் போனால் முதலில் பழத்தைச் சந்தேகப்படுவேன், அப்புறம் தராசை, அப்புறம் கூட வந்த என் வீட்டுக்காரரை. ஆகவே ஜூலை மாதம் முதல் வாரம் ஒரு ஆள் கன்னத்தைப் பிடிக்காமல் படியேறி வந்தபோதே எனக்கு உறுத்தியது.

நாற்பதைத் தொடும் வயது, ஒல்லி, வெயிலில் காய்ந்த முகம். வந்ததும் உட்காரவில்லை. பின் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தார். பட்டன் போனைக் கழற்றி பேட்டரியைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டார். டாக்டரின் அறைக்குள் போனதும் நாற்காலியைத் திருப்பி முதுகு சுவர் பக்கம் இருக்கும்படி போட்டுக்கொண்டார். "இந்தச் செவுருக்குப் பின்னாடி யாரு இருக்கா?" என்று என்னைக் கேட்டார். அடுப்படி என்றேன். நம்பாமல் எழுந்து வந்து என் அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார். எவனோ அனுப்பிய ஆள் என்று அப்போதே முடிவு கட்டினேன். ஒரு பெண் தனியாக நடத்துகிற இடம். எந்தக் கட்சிக்காரன், எந்த அலுவலகத்துக்காரன் என்ன நோக்கத்தில் அனுப்பினானோ?

காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். வலக்கையால் மரியாதையாக வாங்கினார். வாங்கியதைக் குட்டை மேசையில் தன் முன்னால் வைத்தார். அப்புறம் அந்த ஒரு மணி நேரமும் தொடவே இல்லை. ஏடு படிந்து அப்படியே திரும்பி வந்தது. என் காப்பியை வேண்டாம் என்று சொன்னவர் அதுவரை கிடையாது. கடுப்பாக இருந்தது எனக்கு.

அவர் வந்த காரணம் கடைவீதிக்கே தெரியும். லஃப்தா வேன் ஓட்டுகிறவர். காலையில் டீச்சர்களையும் நர்சுகளையும் கொண்டுபோய் விட்டு மதியம் கூட்டி வருவார். ஜூன் மாதம் ஒரு மதியம் ஆறு வயது மகள் ஹவ்ராவைக் கோடை வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டார். அவள் கடைசி இருக்கையில் தூங்கிவிட்டாள். வழியில் வண்டிக்குப் பெல்ட் வாங்க வேண்டியது ஞாபகம் வந்து உதிரிபாகக் கடைச் சந்தில் வண்டியை நிறுத்தினார். பெல்ட் கடையில் யாரோ பழைய ஜெனரேட்டர் விலைக்கு இருக்கிறது என்றார்கள். அதைப் பார்க்கப் போனார். அங்கே இன்னொருவர், இன்னொரு பேச்சு. பூட்டிய வண்டிக்குள் அந்த வெயிலில் பிள்ளை இருபத்து மூன்று நிமிடம் கிடந்தாள். தர்ப்பூசணிக்காரர் தற்செயலாகக் கண்ணாடி வழியே பார்த்து, இரும்பு எடைக்கல்லால் ஜன்னலை உடைத்து, பிள்ளையை வெளியே தூக்கினார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மனைவி நஹ்லா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பிள்ளையோடு திவானியாவில் இருக்கும் அண்ணன் தாமிர் வீட்டுக்குப் போய்விட்டாள். தாமிர் சொல்லி அனுப்பினார்: மனநல டாக்டரிடம் பத்துத் தடவை போய் உட்கார வேண்டும், புத்தி நிதானத்தில் இருக்கிறது என்று எழுதி வாங்கி வர வேண்டும். செப்டம்பர் கடைசியில் பள்ளி திறப்பதற்குள் அந்தக் கடிதம் வராவிட்டால் ஹவ்ராவை திவானியாவிலேயே சேர்த்துவிடுவார். அப்புறம் அந்தப் பிள்ளை அப்பாவைப் பெருநாளுக்குப் பெருநாள் பார்த்தால் போதும்.

ஆக லஃப்தாவுக்கு வேண்டியது ஒரு கடிதம். அவர் பயந்ததும் அதே கடிதத்துக்குத்தான். கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு தாமிர் நீதிபதியிடம் போய், பாருங்கள் இவன் பைத்தியம், டாக்டரே எழுதியிருக்கிறார் என்று சொன்னால்? அவர் அப்படித்தான் யோசிப்பார் என்று எனக்குத் தெரிந்தது. பாம்பின் கால் பாம்பறியும்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அறைக்குள் பேசியது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கதவோரம் நின்றேன். முதல் இரண்டு வாரம் டாக்டருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று நின்றேன். மூன்றாம் வாரத்திலிருந்து அந்தச் சாக்கும் இல்லை. கேட்கிற ஆசையில் நின்றேன்.

டாக்டர் லமீஸ் பாக்தாத் பெண், பெய்ரூட்டில் படித்தவர். மெதுவாகப் பேசுவார். மடியில் ஒரு நோட்டு, கையில் பென்சில். லஃப்தா சொன்னதெல்லாம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் வாசற்கதவு மூன்று வருடமாகப் பாதி பச்சையும் பாதி துருவுமாக நிற்கிறதாம். இரண்டு ஏர்கூலரைக் கழற்றிப் போட்டு திருகாணிகளைத் தொலைத்துவிட்டாராம். சில வாரம் பாயை விட்டு எழுந்திருக்க மனம் வராதாம். சில வாரம் தூக்கமில்லாமல் நாலு வேலையை ஒரே நாளில் தொடங்குவாராம். சின்ன வயதிலிருந்தே இப்படித்தானா என்று டாக்டர் கேட்டார். கவனம் ஒரு இடத்தில் நிற்காத இந்தக் கோளாறு பெரியவர்களுக்கும் உண்டு, அது பைத்தியம் இல்லை, பயமும் துக்கமும் சேர்ந்தால் இன்னும் கூடும் என்றார். ஆனால் பென்சில் அசைந்த உடனே லஃப்தா பேச்சை நிறுத்திவிடுவார். டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தால் பேச்சு வரும். எடுத்தால், இந்த வருடம் பேரீச்சை விளைச்சல் எப்படி என்று எங்கோ போய்விடுவார்.

காப்பியும் ஒவ்வொரு வாரமும் முழுசாகத் திரும்பி வந்தது. விஷம் வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார் போல என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே கழுவிக் கவிழ்த்தேன்.

ஆறாவது வாரம் ஆகஸ்ட் நடு. எங்கள் பழைய ஏர்கூலர் போடுகிற இரைச்சலில்தான் உள்ளே பேசுவது பாதி மறையும். அன்றைக்குப் பேச்சு நடுவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர்காரன் இணைப்பு கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். தண்ணீர்த் தட்டோடு நான் கதவோரம் நிற்கிறேன். அந்த நிசப்தத்தில் லஃப்தாவின் குரல் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

"எனக்கு ஏழு வயசு டாக்டர். வாத்தியாரு பக்கத்துல உக்கார வெச்சு, பேரீச்சம்பழம் குடுத்து, 'டிவியில தலைவர் வந்தா உங்கப்பா என்ன பண்ணுவாரு'ன்னு கேட்டாரு. 'அணைச்சிருவாரு'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவரும் உங்களை மாதிரிதான், மெதுவாப் பேசுவாரு. நான் பாக்கப் பாக்க நோட்டுல எழுதிக்கிட்டாரு. மூணாம் நாளு அப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்க. அந்த அரசு விழுந்தப்போ ஃபைலெல்லாம் தெருவுல கொட்டிக் கெடந்துச்சே, அதுல தேடி எடுத்தேன். மூணே வரி. எனக்கு மொத எழுத்து அலிஃப் எழுதச் சொல்லிக் குடுத்த அதே கையெழுத்து."

என் கையிலிருந்த தட்டில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்றன.

கதவு திறந்தது. லஃப்தா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கதவுக்கும் எனக்கும் இருந்த ஒரு சாண் தூரத்தைப் பார்த்தார்.

"செவுருக்குப் பின்னாடி யாருன்னு மொத நாளே கேட்டேன்" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உட்காரச் சொன்னார். "அவர் சந்தேகப்படுறதுக்கு இங்க ஒண்ணுமில்லைன்னு ஆறு வாரமா சொல்லிக்கிட்டு வந்தேன் உம் ரனீன். அவர் சந்தேகத்தை ஒரே நிமிஷத்துல நீங்க உண்மையாக்கிட்டீங்க" என்றார். மாதக் கடைசியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். என் அறுபது வருடத்தில் அன்றைக்குப் பட்ட வெட்கம் வேறு எதற்கும் பட்டதில்லை. அந்த வாத்தியாரும் நானும் எதில் வேறு? அவர் எழுதிக் கொடுத்தார். நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் இரண்டு வாரம் லஃப்தாவுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. தாமிர் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் வாங்கிவிட்டதாகக் கடைவீதியில் பேசிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் அபு ரனீன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பாலைவனப் பக்கத்து ஸ்டேஷன்களில் இருபது வருடம் கிடந்தவர். உள்ளே கேட்டதை அவரிடமும் சொல்லவில்லை. வேலை போகப்போவதை மட்டும் சொல்லிவிட்டு, ஆற்றாமையில் அந்தக் காப்பி விஷயத்தைப் புலம்பினேன். தட்டில் கிமர் பாலேட்டைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அந்த ஆளின் பூர்வீகம் எந்தப் பக்கம் என்று கேட்டார். பாலைப் பக்கம் என்றேன்.

"அட கூறு கெட்டவளே. அவன் உன் காப்பியைக் குறை சொல்லலை. காரியம் கேட்டு வந்தவன் காப்பியை முன்னாடி வெச்சுட்டுத் தொடமாட்டான். என்ன வேணும்னு வீட்டுக்காரன் கேக்கணும், 'குடி, உன் காரியம் ஆச்சு'ன்னு சொல்லணும், அப்புறம்தான் குடிப்பான். ஆறு தடவை கேட்டிருக்கான். ஆறு தடவையும் நீ கழுவிக் கவுத்திருக்கே."

எனக்குத் தெரியாத வழக்கமா? பெண் கேட்கப் போகிறபோதும், கொலைக்குச் சமாதானம் பேசப் போகிறபோதும் ஆண்கள் கூடத்தில் நடக்கிறதுதான். ஆனால் அது கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றுகிற கசப்புக் காப்பிக்கு. பூப்போட்ட கோப்பையில் நான் போடும் சர்க்கரைக் காப்பியிலும் ஒருவர் அதைச் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. பாக்தாத்காரியான டாக்டருக்கும் தோன்றவில்லை. லஃப்தா என்ன கேட்டார் என்பது இப்போது விளங்கியது. எழுதாதீர்கள் என்று கேட்டார். வாயால் சொன்னால் கெஞ்சுவதாகும் என்று கோப்பையால் கேட்டிருக்கிறார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பாலம் தாண்டி லஃப்தா வீட்டுக்குப் போனேன். பாதி பச்சைக் கதவை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்தோம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. ஆனால் வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்ப அவர் வளர்ப்பு விடாது. முற்றத்தில் பாய் போட்டார். கசப்புக் காப்பி கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொன்றுக்கும் கையை நீட்டினார். காரியத்துக்கு உதவாத மனுஷன்.

நான் என் கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தேன்.

லஃப்தா கெண்டியோடு நின்றார். கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொம்பளைங்க இதைச் செய்றதில்லைக்கா" என்றார்.

"ஒட்டுக் கேக்குறதை மட்டும் செய்யலாமா? அதையே செஞ்சுட்டேன். கேட்டதைக் காதுலேருந்து எடுக்க முடியாது. ஆனா இந்த வாயைத் தாண்டாது. நீங்க திரும்ப வரணும். நீங்க வர்ற நேரம் நான் மாடியிலயே இருக்கமாட்டேன். கீழ பல் டாக்டர்கிட்ட போய் உக்காந்துக்கறேன்."

"நான் ஆறு தடவை வெச்சேன். என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலை."

"புரியலையே. விஷம்னு பயப்படுறீங்கன்னு நெனைச்சேன்."

"அதுவும் நெனைச்சேன்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடிங்கக்கா. வந்த காரியம் ஆச்சு" என்றார்.

ஆறிப்போன கசப்புக் காப்பி. ஒரே மூச்சில் குடித்தேன்.

ஏழாவது அமர்வின்போது சொன்னபடி கீழே பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காப்பி வழக்கத்தை மட்டும் டாக்டரிடம் சொல்லியிருந்தேன். மேலே நடந்ததை லஃப்தாவே பின்னால் சொன்னார். காப்பியை வைத்ததும் டாக்டர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்டாராம். நோட்டு என்றாராம் இவர். டாக்டர் நோட்டை எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டு, குடிங்க என்றாராம். அன்றைய ஒரு மணி நேரமும் பேச்சில்லை. லஃப்தா தன்னைப் பற்றி எழுதியிருந்ததை வரி விடாமல் வாசித்தார். முதல் ஐந்து பக்கத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: 'காப்பி குடிக்கவில்லை. சர்க்கரை வியாதியா? கேட்க வேண்டும்.' ஆறாவது பக்கத்தில் நாலே சொல் இருந்தது. அதை எனக்கும் காட்டினார்: 'கேட்டது பெரியவர், சொன்னது குழந்தை.'

அதற்குப் பிறகு நோட்டு அவரோடுதான் போனது. டாக்டர் எழுதினால் அவர் கண்முன்னால் எழுதி அவரிடமே கொடுப்பார். இவ்வளவு பயந்து காத்த அந்த ரகசிய நோட்டை லஃப்தா இரண்டு தடவை தொலைத்தார். ஒரு தடவை கறிக்கடைத் தராசுக்கு அடியில் கிடைத்தது. கறிக்கடைக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாதது அல்லாவின் கருணை.

மாதக் கடைசி வந்தது, போனது. டாக்டர் வேறு இடம் பார்ப்பதைப் பற்றிப் பேசவில்லை. டாக்டர் அறை வாசலில் ஒரு கனத்த கதவு மட்டும் புதிதாக வந்தது.

எட்டாவது அமர்வில் இருவருமாகச் சேர்ந்து ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். மறக்கக் கூடாது, மறக்கக் கூடாது என்று மனசுக்குச் சொல்லி ஆகாது. காலுக்குச் சொல்ல வேண்டும். வண்டியில் பிள்ளை ஏறினால் லஃப்தா தன் இடது செருப்பைக் கழற்றிப் பிள்ளையின் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். இறங்கினால் வெறுங்கால் தாரில் படும். செருப்புக்காகவாவது பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். இரண்டு வாரம் பிள்ளை இல்லாமலே பழகினார். கடைவீதியில் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு திரிந்தார். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டார்.

பத்தாவது அமர்வு பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது முடிந்தது. டாக்டரின் கடிதத்தில், புத்தி நிதானம் என்றெல்லாம் இல்லை. பத்துத் தடவை வந்தார், இன்னும் வருவார், இது பைத்தியமில்லை, செருப்பு விஷயம் இது என்று இருந்தது. தாமிர் அதை இரண்டு தடவை படித்திருக்கிறார். நம்பவில்லை. நேரில் பார்க்கிறேன் என்று பிள்ளையையும் நஹ்லாவையும் கூட்டிக்கொண்டு சமாவாவுக்கே வந்துவிட்டார். வேனில் ஏறி முன்னால் உட்கார்ந்து, அந்தப் பெல்ட் கடைச் சந்துக்கே விடச் சொன்னார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்க வேண்டாம். தர்ப்பூசணிக் கடையில் பழம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் வந்து நின்றது. லஃப்தா இறங்கினார். அதே நேரம் பார்த்து பெல்ட் கடைக்காரன், உங்களுக்கு ஒரு நல்ல மோட்டார் வந்திருக்கிறது என்று கூப்பிட்டான். தாமிர் சொல்லி வைத்ததுதான் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். லஃப்தா அந்தப் பக்கம் திரும்பினார். நஹ்லா பின் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால் தாரில் பட்டது. அப்படியே நின்றார். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தார்.

ஹவ்ரா செருப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"குடும்மா, கால் சுடுது" என்றார்.

"என்னையும் தூக்கிட்டுப் போனாத்தான் தருவேன்."

தூக்கிக்கொண்டார். செருப்பைப் போடக்கூட இல்லை. அதை அவள்தான் அவர் முதுகுப் பக்கம் தொங்கவிட்டுப் பிடித்திருந்தாள். தாமிர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன். தர்ப்பூசணிக்காரர் பழம் சரியில்லையா அக்கா என்று கேட்டார்.

ஹவ்ரா சமாவாவில்தான் படிக்கிறாள். லஃப்தாவுக்கு இன்னும் பாயை விட்டு எழ முடியாத வாரங்கள் வருகின்றன. மாதத்துக்கு ஒருமுறை மாடிக்கு வருகிறார், கன்னத்தைப் பிடிக்காமல். அவர் வீட்டுக் கதவு இன்னும் பாதிதான் பச்சை. அவர் வேன் எங்கே நின்றாலும் நான் கடைசி இருக்கையை எட்டிப் பார்க்காமல் தாண்டுவதில்லை. அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்வதில்லை.

இதை எழுதி முடித்து நேற்று அவரிடம் கொடுத்தேன். காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு தொடாமல் வாசித்தார். பிள்ளை வண்டிக்குள் எவ்வளவு நேரம் கிடந்தது என்று முதலில் ஒரு கணக்குப் போட்டு, 'சுமார் இருபது நிமிடம்' என்று எழுதியிருந்தேன். பென்சில் கேட்டு வாங்கி அந்த ஒன்றை மட்டும் அடித்தார். ஓரத்தில், 'இருபத்து மூன்று' என்று எழுதினார். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

அப்புறம் கோப்பையை எடுத்துக் குடித்தார்.